பாக்கியலட்சுமியின் கிள்ளு

நான்கு நோயாளிகள். நால்வருக்கும் உணர்ச்சியற்ற தேமல். நால்வருக்கும் முழங்கைக்கு மேலே, ஒரே இடத்தில்!

பாச்சாங் கடைவரிசையின் மாடியில் இருந்த அந்தத் தோல் கிளினிக்கில், சுவரிலிருந்த மலாக்கா வரைபடத்தை முறைத்தபடி நின்றான் தினேஷ்வரன். தொழுநோய் என்று தெரிந்தவர்களின் வீட்டாரையும் நெருங்கிப் பழகியவர்களையும் தேடிப்பிடித்துப் பரிசோதனைக்கு அழைத்து வருவது அவன் வேலை. துப்பறியும் வேலைதான். துப்பாக்கி மட்டும் கிடையாது.

"இது முதுகுல வரலாம், தொடையில வரலாம், முகத்துல வரலாம்" என்றார் டாக்டர் ஜெயமணி. "நம்மகிட்ட வர்றவங்களுக்கு மட்டும் ஏன் எல்லாமே கையில? எனக்குத் தூக்கம் வரல தினேஷ். இவங்க நாலு பேருக்கும் பொதுவா யாரோ ஒரு ஆள் இருக்கணும். கண்டுபிடி."

அன்றே கிளேபாங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரிதுவானிடம் போய் நின்றான் தினேஷ். மருந்து சாப்பிட ஆரம்பித்திருந்த ரிதுவான் தெம்பாகத்தான் இருந்தார்.

"வீட்டு ஆளுங்களை எல்லாம் பாத்தாச்சு பாய். வெளியாளு யாராச்சும்? அடிக்கடி வந்து தொட்டுப் பேசுற மாதிரி?"

ரிதுவான் அக்கம்பக்கம் பார்த்தார். காது சிவந்தது. "ஒரு அம்மா இருக்கு. வாரா வாரம் வரும். கருவேப்பிலை வாடியிருந்தா என் கையைப் புடிச்சி… பேசும். பேரு பாக்கியலட்சுமி. அதுக்கு மேல கேக்காதே தம்பி, மானம் போயிடும் லா."

மஸ்ஜித் தானாவில் லோரி ஓட்டும் காந்தனும் அதே பெயரைச் சொன்னான். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். கோயில் பஜனைக் குழுத் தலைவி. உயரம். மூக்குத்தி. குரல் கேட்டால் கொடிமரம் ஆடும்.

தினேஷின் முதுகெலும்பு சில்லிட்டது. தேடிவந்த ஆள் அகப்பட்டுவிட்டார் என்பதால் அல்ல. அந்தப் பாக்கியலட்சுமி, அவன் காதலிக்கும் அகல்யாவின் அம்மா என்பதால்!

அகல்யாவைப் பெண் கேட்க வரும் சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அந்த அம்மா தலையசைத்தால்தான் கல்யாணம். பெண் கேட்கப் போகிற வீட்டில், "அத்தை, ஜாக்கெட் கையை ஏத்துங்க, தேமல் இருக்கான்னு பாக்கணும்" என்று எப்படி ஆரம்பிப்பது? நோயாளிகள் பெயரை வெளியே சொல்லவும் கூடாது. ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டால் என்ன பதில்?

வெள்ளிக்கிழமை அகல்யா போன் செய்தாள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அம்மா கிள்ளுவாங்க."

"என்னது?"

"கையில. பாசம் வந்தாலும் கிள்ளுவாங்க, கோபம் வந்தாலும் கிள்ளுவாங்க. போன வருஷம் வந்த மாப்பிள்ளை கத்திட்டான். அன்னிக்கே ரிஜெக்ட். நீங்க வாயே திறக்கக் கூடாது. புரியுதா? சிரிங்க."

தொட்டதாலோ கிள்ளியதாலோ மட்டும் இந்த நோய் வந்துவிடாது என்பது தினேஷுக்குத் தெரியும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நெருங்கி வாழ்ந்தால்தான் தொற்றும். அதிலும் பெரும்பாலோருக்குத் தொற்றாது. ஆனால் நாலு பேருக்கும் பொதுவான ஒரே ஆளைப் பார்க்காமல் விட்டால் டாக்டர் அவனை விடமாட்டார்.

சனிக்கிழமை. உளுந்து வடை வந்தது. கேசரி வந்தது. கூடவே பாக்கியலட்சுமியும் வந்து எதிரில் உட்கார்ந்தார். தினேஷின் கண் அவர் முழங்கைக்குப் போனது. அங்கிருந்து காதுமடலுக்கு. அங்கிருந்து புருவத்துக்கு. வடையைக் கடிப்பது போலக் குனிந்து கணுக்காலையும் பார்த்தான்.

"என்னய்யா, வந்ததுலேருந்து என்னையே மேலயும் கீழயும் பாக்குற? பொண்ணு அங்க நிக்குது!"

"இல்ல ஆன்ட்டி… உங்க தோல் ரொம்ப நல்லாயிருக்கு."

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தது. அகல்யாதான்.

பாக்கியலட்சுமி எழுந்தார். நெருங்கினார். இரண்டு விரல்கள் நண்டுக் கொடுக்கு போல விரிந்தன. தினேஷின் வலது கையில், முழங்கைக்கு மேலே, பாய்ந்தன!

உச்சந்தலையில் மின்னல் வெட்டியது. கண்முன் அப்பா, அம்மா, பள்ளிக்கூடம், எல்லாம் ஓடியது. தினேஷ் சிரித்தான்.

பாக்கியலட்சுமி திருகினார்.

"வடை… நல்லா… மொறுமொறுன்னு இருக்கு ஆன்ட்டி."

அவர் முகம் வெளுத்தது. கையை விட்டார். அவனை உற்றுப் பார்த்தார். கண்களில் நீர் தளும்பியது.

"ஐயோ, தங்கமான புள்ள! இந்தப் பையனுக்கா இப்படி? அகல்யா, காரை எடு!"

"எங்கே, அம்மா?"

"பாச்சாங் கிளினிக்குக்கு! மத்தியானம் மூடிடுவான். எடு!"

தான் வேலை பார்ப்பதே அங்கேதான் என்று சொல்லப் போகிற வழியெல்லாம் தினேஷ் வாயெடுத்தான். "பேசாத, தெம்பை வீணாக்காத" என்று அவர் அடக்கிவிட்டார். கண்ணாடியில் தெரிந்த அகல்யாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அம்மா தேற்றினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விடுப்பில் போன தன் ஆளையே நோயாளியாக இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியதும் டாக்டர் ஜெயமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டரம்மா, என் கிள்ளு வலிக்காத மனுசன் உலகத்துல கிடையாது. கத்தலைன்னா உடம்புல கோளாறு. மளிகைக்கடை ரிதுவான் கத்தல, இங்க போன்னு அனுப்பினேன். லோரி காந்தன் கத்தல, அனுப்பினேன். பஜனையில ரெண்டு பேரு கத்தல. இப்ப என் மாப்பிள்ளை!"

'மாப்பிள்ளை' என்ற சொல் தினேஷின் காதில் தேனாகப் பாய்ந்தது.

டாக்டர் அந்தப் பெயர்களில் எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தினேஷை மட்டும் பார்த்தார். "நீ தேடின ஆள் நோயைப் பரப்பினவங்க இல்ல தினேஷ். கண்டுபிடிச்சவங்க. கையில தேமல் உள்ளவங்க மட்டும் நம்மகிட்ட வந்ததுக்குக் காரணம், அம்மா கையில மட்டும் கிள்ளுறதுதான். முதுகுலயும் தொடையிலயும் உள்ளவங்க இன்னும் வெளியதான் சுத்துறாங்க. திங்கக்கிழமையிலேருந்து அவங்களைத் தேடு."

"நான் வேணா முதுகுலயும்…" என்று ஆரம்பித்தார் பாக்கியலட்சுமி.

"வேணாம்மா!" என்றார்கள் மூவரும்.

டாக்டர் பஞ்சால் தினேஷின் கையைத் தொட்டார். ஊசியால் குத்திப் பார்த்தார். எல்லாம் உணர்ந்தான். முறைப்படி அம்மாவையும் பார்த்துவிடலாம் என்று பஞ்சை நீட்டினார். அது பட்டதும் பாக்கியலட்சுமி கூச்சம் தாங்காமல் கட்டிலைச் சுற்றி ஓடினார். அவருக்கும் ஒன்றுமில்லை.

"அப்புறம் ஏன்யா கத்தல?"

"கத்தினா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு அகல்யா சொன்னா, ஆன்ட்டி."

"அட, போன தடவை வந்தவன் கத்தினதுக்கா வேணாம்னேன்? அவன் கத்தினது கெட்ட வார்த்தை! எனக்கு இந்தப் பஞ்செல்லாம் நம்பிக்கை இல்ல. கையைக் குடு."

இரண்டு விரல்கள் விரிந்தன. தினேஷ் டாக்டரைப் பார்த்தான், அகல்யாவைப் பார்த்தான், கையை நீட்டினான்.

"ஆஆஆஆ… அத்தே!"

"ஆரோக்கியமான பையன்" என்றார் பாக்கியலட்சுமி, பூரித்துப்போய். "தை மாசத்துல வச்சுக்கலாம்."

வெளியே காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும், எதுவும் கேட்காமல், சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.