சவரியின் கை நீளம்

1
கம்ப்யூட்டர் சூத்திரத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரை வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்குப் போன தூக்கம்தான் இந்தக் கதை.

முதலில் இப்படி எழுதினேன்: ‘1987. தருமபுரியில் மழை பொய்த்து...’ சே, செய்தித்தாள்! அடித்துவிட்டேன்.

2
ராஜமேரி தருமபுரியில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அறுபது அடிக்குக் கீழே தண்ணீர் இறங்கிய கிணறுகளை மட்டும் ஊர்வாரியாகக் கூட்ட வேண்டும். எந்த ஊருக்குக் கூடுதலோ, இருக்கிற ஒரே போர்வெல் லாரி அங்கே போகும்.

மற்ற ஊர்கள் டேப் வைத்து அளந்தன. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் அவள் ஊர் மட்டும் பாகக் கணக்கு அனுப்பியது. இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை அளந்தால் ஒரு பாகம். அவள் சூத்திரத்தில் ‘பாகம்’ என்றே பெயர் வைத்தாள். அதற்கு எந்த எண்ணைக் கொடுக்கிறாளோ, அதன்படி அடி மாறும், கூட்டுத்தொகையும் மாறும்.

“ஆறு அடின்னு போட்டு முடிம்மா,” என்றார் மேலதிகாரி சென்னப்பன். “ஊரு ஒலகத்துக்கே ஆறுதான்.”

ஆறு போட்டால் பதினொரு பாகக் கிணறெல்லாம் அறுபத்தாறு அடி. லாரி அவள் ஊருக்கு. ஆனால் அளந்தது அவள் அப்பா சவரி. மாமரத்திலிருந்து விழுந்த நாள்முதல் அவருக்கு வலது முழங்கை நீளாது. அவர் பாகம் ஐந்தடிதான். ஐந்து போட்டால் ஒரு கிணறும் தேறாது.

3
(லாரி அப்போது தொப்பூர்ப் பக்கம் போகும். அங்கே குள்ளம்மாள் என்றொருத்தி வற்றிய கிணற்றுக்குள் இறங்கிச் சேறு வழித்துக்கொண்டிருக்கிறாள். அவளை எதற்குக் கொண்டுவந்தேன்? அவள் இல்லையென்றால் முடிவு சுலபம். அடிக்கப் பார்த்தேன், மனசு வரவில்லை.)

4
மதியம் சவரி சோற்றுத்தூக்கோடு வந்தார்.

“அப்பா, அளக்கறப்ப கைய நல்லா நீட்டுனீங்களா?”

“நீட்டுனேன் பாப்பா. என் கையி நீள்றவரைக்கும்தான நீட்ட முடியும்?” அவர் சிரித்தார். “லாரி நம்மூருக்கு வருதா? ஒங்கம்மா தண்ணிக்கு மூணு மைலு நடக்கறா.”

ராஜமேரி திரையைப் பார்த்துத் திரும்பி,

பாகம் =

என்று அடித்தாள். அதற்குமேல்... ராஜமேரி ஐந்தை... ராஜமேரி ஆறை...

என்னால் ஆகவில்லை. குள்ளம்மாள் மேலே ஏறிவிட்டாள், சவரி பதிலுக்கு நிற்கிறார். நீங்கள் போடுங்கள். போடுவதற்கு முன் உங்கள் இரண்டு கையையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.