நனைந்தால் வரும் புள்ளிகள்

மறுநாள் காலை பத்து மணிக்கு, அமெரிக்காவின் லாப்வாய் ஊரில் குதிரை ஊர்வலம். போன வருடம் வெர்னா புள்ளியே இல்லாத வெறும் பழுப்புக் குதிரையில் போனாள். "அண்ணி, குதிரை எங்க? சோபாவுல உக்காந்து வர்றீங்களா?" என்று நாத்தனார் ஐரீன் கேட்டதில் தெருவே சிரித்தது. அதனால் இந்த வருடம் புள்ளி போட்ட அப்பலூசா இனக் குதிரையில்தான் வருவேன் என்று தன் பெட்ரோல் பங்குக்கு வந்த எல்லாரிடமும் வெர்னா சொல்லி வைத்துவிட்டாள்.

குதிரை விற்கும் சித்தப்பா மகன் ஆர்லனின் லாயத்துக்கு ஓடினாள்.

"அந்தப் பெரிய புள்ளிக்காரன் எங்கடா?"

"காலைலயே ஐரீன் வந்து ஓட்டிட்டுப் போயிடுச்சேக்கா."

மிச்சம் நின்றது ஒரு வெள்ளைக் குதிரை. குளம்பில் கோடுகள், கண்ணைச் சுற்றி மனிதருக்கு இருப்பதுபோல் வெள்ளை. அப்பலூசாதான், சந்தேகமில்லை. ஆனால் புள்ளி என்று பார்த்தால், பின்பக்கம் மிளகு சிந்தியதுபோல் கொஞ்சம். அதையும் நம்ப முடியாது. ஆர்லன் ஒருமுறை தலைச்சாயத்தால் புள்ளி வைத்து விற்றவன்.

"சாயமா இல்லையான்னு பாக்குறேன்" என்று ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் வீசினாள்.

புள்ளிகள் கரையவில்லை. பெருகின. முதுகெல்லாம், வயிறெல்லாம் கருந்திட்டுகள்.

"அக்கா, அது என்னன்னா, அதோட தோலு..."

"நீ வாயத் தொறக்காத! இதான் எனக்கு. காலைல தெருமுனைக்குக் கொண்டு வந்துடு."

விலையை முடித்துக் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

ஆர்லன் சொல்ல வந்தது எளிய விஷயம். இந்தக் குதிரைக்கு மயிர்தான் வெள்ளை. அடியில் தோல் இளஞ்சிவப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். காய்ந்த மயிர் தோலை மறைத்துக்கொள்ளும். நனைந்தால் எண்ணெய் பட்ட காகிதம்போல் ஆகி, அடியில் உள்ள கறுப்பைக் காட்டிவிடும். காய்ந்தால் பழைய கதைதான்.

காலையில் வெர்னா பார்த்தது காய்ந்த குதிரையை.

"என் குதிரை எங்கடா?"

"இதான்க்கா." இந்த முறை தோல் கதையை முழுதாகச் சொல்லி முடித்தான்.

"அப்ப நனைடா!"

"முன்னால முடியாது. ஊர்வலத்துக்குக் கட்டின மார்புப் பட்டை மான்தோலு, பாசிமணி வேலை, எல்லாம் பாழாயிடும்."

"பின்னால ஊத்து. நீதான வித்த? நீயே நட."

ஆர்லன் பூவாளியோடு நடந்தான். ஜூலை வெயில். முந்நூறு அடிக்கு ஒரு முறை புள்ளிகள் மங்கின, அவன் ஊற்ற ஊற்றத் திரும்பின.

"போச்சு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "வந்துருச்சு!"

தேவாலய முக்கில் தண்ணீர் தீர்ந்தது. பின்னால் வந்த ஐரீன் குரல் கொடுத்தாள். "அண்ணி, உங்க குதிரை ஆவியாயிட்டு இருக்கு!"

வெர்னா காலிப் பூவாளியைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு வருடம் சோபாவா?

"தண்ணி! தண்ணி!" என்று கூட்டமே கூவியது. நாலாபுறமிருந்தும் பாட்டில்கள் திறந்தன. ஒருவர் எலுமிச்சைச் சாற்றையே ஊற்றினார். பாதி ஆர்லன் தலையில் விழுந்தாலும், மீதியில் புள்ளிகள் பளிச்சென்று வந்தன. கைதட்டல் அடங்கவே இல்லை.

ஐரீன் தன் குதிரையைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். ஒரு சிறுமி மரியாதையாகக் கேட்டாள்: "அத்தை, உங்க குதிரையோட புள்ளி மறையாதா?"

"மறையவே மறையாது" என்றாள் ஐரீன் பெருமையாக.

"ஐயோ பாவம்."

அடுத்த தெருவில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஐரீன் தன் பாட்டில் தண்ணீரைக் குதிரையின்மேல் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். குதிரை ஈரமானது. வேறொன்றும் ஆகவில்லை.