வாடகைச் சிம்மாசனம்

நாலு பேர் முக்கி முனகி அந்தச் சிம்மாசனத்தை வண்டியிலிருந்து இறக்கினார்கள். கல்யாண மேடைகளுக்கு வாடகைக்குப் போகிற நாற்காலி. சிவப்பு வெல்வெட், தங்கப்பூச்சு, கைப்பிடியில் சிங்கத் தலை. வாடகை நாற்காலிக் கடைக்காரர் இறந்துபோன வீட்டில் உட்கார வேறு நாற்காலி இல்லை. கடையில் மிஞ்சியது இது ஒன்றுதான்; மற்றதெல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன.

"கல்யாண வீட்ல போய் எப்படிக்கா திருப்பிக் கேக்கறது? அப்பாவே ஒத்துக்க மாட்டாரு" என்ற சின்னத் தம்பி, அப்பாவின் படத்தை அதில் சாய்த்து வைத்தான். "ராஜா மாதிரி இருக்காரு பாரு."

மூத்தவள் படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன வருஷம் கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்குப் இயேசு சிலையை வைக்கப் பாதிரியார் இதைக் கேட்டபோது, கொடுத்தனுப்பிவிட்டு வந்து அப்பா சிரித்தார்.

"எங்க ராஜாவுக்கு முள்ளுல கிரீடம், கழுதையில ஊர்வலம். ஊரே துரத்துனவங்களைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சாரே, அதான் அவரு ராஜ்யம். அவருக்குப் போய் வெல்வெட்டாம்!"

அந்த ராஜ்யத்தில்தான் அவள் மண்ணை அள்ளிப் போட்டிருந்தாள். மூன்று நாளாக அப்பா, "பெரியவன் வந்தானா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். பெரிய தம்பி வரத்தான் செய்தான், மூன்று நாளும் குடித்துவிட்டு. அவள்தான் வாசலோடு விரட்டினாள். உள்ளே வந்து, "வரலப்பா" என்று வாய் கூசாமல் சொன்னாள். இன்று காலை அப்பா கண்ணை மூடிவிட்டார்.

இப்போது பெரியவன் கேட்டுக்கு வெளியே நின்றான், சட்டையெல்லாம் சேறு.

"உள்ள விடாதக்கா, மானம் போயிடும்" என்றான் சின்னவன்.

அவள் கேட்டைத் திறந்தாள்.

"நான் இங்கயே நின்னுக்கறேன்க்கா."

"அப்பா உன்னைத்தான்டா கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீ வரலன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அவன் அவளையே பார்த்தான். திட்டுவான் என்று நின்றாள், திட்டியிருந்தால் தேவலை. அவன் சட்டைச் சேற்றைத்தான் தட்டிவிட்டான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். சிம்மாசனத்திலிருந்து படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உக்காருடா."

"அது அப்பாவுக்கு வச்சது..."

"உக்காரு."

அவளும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் உடலருகே நின்றிருந்த பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்தார்.

பெரியவன் நுனியில் ஒட்டி உட்கார்ந்திருந்தான். வியர்த்த கையில் தங்கப்பூச்சு ஒட்டிக்கொண்டது. சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். போகவில்லை.