பதினேழு டிக்

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். தலைமை டாக்டரம்மா அண்ணி என்பார், வாசல் காவலாளி அண்ணி என்பார், அவளைவிடப் பத்து வயது மூத்த லேப் அம்மாவும் கூச்சமில்லாமல் அண்ணி என்பார். எல்லாம் அவளுடைய கொழுந்தன் செய்த வேலை. அறுபத்து மூன்று கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு அவள் பொறுப்பு. எக்ஸ்ரே, ஈசிஜி, பிரிண்டர் என்று மற்ற கருவிகளைப் பழுது பார்ப்பதற்கு அவன் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து "அண்ணி" என்று ஒரு குரல் கொடுத்தான். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் மிஞ்சியது.

அவனுக்கும் பட்டப்பெயர் உண்டு. தொடாதே தம்பி. ஓடுகிற எதையும் தொடாதே என்பதுதான் அவன் வேதம். கணினியின் இயங்குதளத்துக்கு அப்டேட் வந்தால் அவன் முகம் மாமியார் வந்த மாதிரி மாறிவிடும். அவளோ அப்டேட் ஒரு நாள் தள்ளிப்போனால் தூக்கம் கெட்டுப்போகிறவள். திருடன் வருகிற வழி தெரிந்த பிறகும் கதவைச் சாத்தாமல் இருப்பது சோம்பேறித்தனம் என்பாள். வாரத்துக்கொரு பூட்டு மாற்றுகிறவன் ஒருநாள் சாவி சேராமல் தன் வீட்டு வாசலிலேயே நிற்பான் என்பான் அவன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்ததால் சண்டை மருத்துவமனையோடு முடியாது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் அப்டேட் என்ற சொல்லே வரக்கூடாது என்று அவள் வீட்டுக்காரர் சட்டம் போட்டிருந்தார். அவர்கள் அதைச் சொல்லாமலே சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அவளும் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவள் இல்லை. புதன்கிழமை தோறும் மென்பொருள் கம்பெனி அனுப்பும் அப்டேட்டை முதலில் ஒரே ஒரு கணினிக்குத்தான் அனுப்புவாள். லேப் கிடங்கின் மூலையில் இருந்ததால் அதற்கு மூலை என்றே பெயர். மறுநாள் மதியம் கிடங்குக்குப் போய், மூலை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒரு நோயாளியின் பதிவைத் திறந்து மூடுவாள். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை அட்டை போட்ட நோட்டில் தேதி எழுதி ஒரு டிக் போடுவாள். அதற்குப் பிறகுதான் மற்ற அறுபத்திரண்டுக்கும் அனுப்புவாள். எட்டு வருஷமாக அந்த வழக்கம் மாறவில்லை.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். மூலை நன்றாக இருந்தது. டிக் போட்டாள், அனுப்பினாள். ஒன்றே முக்காலுக்கு வரவேற்பறைக் கணினி நீலத்திரை காட்டி அணைந்தது. தானே எழுந்தது, மறுபடி அணைந்தது. அதைப் பார்க்க அவள் ஓடுவதற்குள் குழந்தைகள் வார்டிலிருந்து போன், மருந்தகத்திலிருந்து போன், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். இரண்டு மணிக்கு அறுபத்திரண்டும் விழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தன.

அந்த மதியத்தைப் பற்றி அவள் பிற்பாடு எத்தனை தடவை சொன்னாலும் கண் கலங்காமல் சொன்னதில்லை. நர்ஸ்கள் ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை. வெள்ளைத்தாளை நாலாக மடித்து, யாருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று கையால் எழுதிக் கட்டில் காலில் ஒட்டினார்கள். கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் கிடைத்தாள். பெயர் கேட்கக்கூட நேரமில்லை. நாலு மணி நேரம் இணைப்பைத் துண்டிக்காமல், எந்தக் கோப்பை நீக்கினால் இயந்திரம் எழும் என்று தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு கணினியாகப் போய் அதை நீக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கணினி எழுந்தது. ஒரு நோயாளிக்கும் ஒரு கெடுதலும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கை கழுவும் இடத்தில் நின்று அழுதாள்.

அந்த மதியத்தில் மிகப் பெரிய சிக்கல் இரத்தம். பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்காமல் நாலு பை இரத்தம் தேவைப்பட்டது. பையில் ஒட்டும் ஸ்டிக்கரில் ஒரு எண் பிசகினாலும் உயிர் போய்விடும் என்பதால் லேப்பில் யாரும் அதைக் கையால் எழுதத் துணிய மாட்டார்கள். தொடாதே தம்பி எங்கேயோ வைத்திருந்த ஏதோ ஒரு பழைய கணினியில் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்ததால் அந்தப் பெண் பிழைத்தாள் என்று லேப் அம்மா சொன்னார். அவனிடம் பழைய சாமானுக்குப் பஞ்சமில்லை. எதையும் தூக்கிப் போடாதவன். எட்டு வருஷ வாய்ச்சண்டைக்குப் பிறகு முதல்முறையாக அவன் பிடிவாதத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்கு மனதாரத் தோன்றியது.

வெள்ளி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் கீழே இறங்கி வரவில்லை. தலைவலி என்று ஓரகத்தி வந்து சொன்னாள். அவளுக்கு அது விநோதமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் ஜெயித்தவன் அவன். படி இறங்கும்போதே ஆரம்பித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. நீள மேசை, ஒரு கூஜா தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு வாளி. தலைமை டாக்டரம்மா நடுவில் உட்கார்ந்தார். கம்பெனி அனுப்பிய பிரதிநிதி கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். டாக்டரம்மா முதலில் தொடாதே தம்பியை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஒரு தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியது அவனுடைய முன்யோசனை என்றார். அவன் தலை நிமிரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

பிரதிநிதி பதினான்கு பக்கக் கடிதம் ஒன்றை மேசைமேல் வைத்தார். அதன் சாரம் இவ்வளவுதான்: மென்பொருளை உள்ளது உள்ளபடியே தருகிறோம், குறை இருக்கலாம், முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டியது வாங்கியவர் கடமை, விளைவுக்கு நாங்கள் பொறுப்பில்லை. அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாப்பாட்டில் கல்லைப் போட்டுவிட்டு மென்று பார்க்காதது உன் குற்றம் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். அதோடு தான் சோதிக்காமல் இல்லை என்றும் சொல்லிப் பச்சை நோட்டைத் திறந்து வைத்தாள்.

பிரதிநிதி நோட்டைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். இந்தக் குறை இந்த வகைக் கணினி ஒவ்வொன்றிலும், போட்ட பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஒன்றுகூடத் தப்பாது என்றார்.

"நீங்க போட்டுப் பார்த்திருந்தா அந்தக் கணினியும் விழுந்திருக்கணும் மேடம். விழலைன்னா, நீங்க போட்டே பார்க்கலை. டிக் மட்டும் போட்டிருக்கீங்க."

வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். குறை இருக்கிற மென்பொருளை மன்னிக்கலாம், அது கம்பெனி விஷயம். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதினால் அந்த ஆளை மருத்துவமனையில் வைத்திருக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அண்ணி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக் கடைசி டிக்கைப் பார்த்தாள். புதன்கிழமை அனுப்பியது நிஜம். வியாழக்கிழமை பார்த்தது நிஜம். மூலை விழவில்லை என்பதும் நிஜம். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வேலை போவதைவிட, பொய்க்காரி என்ற பெயரோடு போவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வேண்டாதவன் என்றால் அந்த இடத்தில் சும்மா இருந்தாலே போதும். பாராட்டும் அவனுக்கு, எட்டு வருஷ வாதத்தில் வெற்றியும் அவனுக்கு. தொடாதே தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அவங்க பொய் சொல்லலை டாக்டர். அப்டேட்டை அனுப்பினாங்க. அது உள்ளே போகலை. நான்தான் அதை நிறுத்தி வச்சிருந்தேன்."

பிறகு உட்காராமலே முழுவதையும் சொன்னான். நாலு மாசத்துக்கு முன்னால் லேப்பின் புது ஸ்டிக்கர் பிரிண்டர் அடிக்கடி மக்கர் செய்தது. பழைய பிரிண்டரைத் தூசு தட்டி எடுத்தான். அப்டேட் ஆன எந்தக் கணினியும் அதை மதிக்கவில்லை. கிடங்கில் மூலை சும்மா இருந்தது. அதில் இயங்குதளத்தின் பழைய பதிப்பை ஏற்றி, பிரிண்டரை மாட்டி, இனி எந்த அப்டேட்டும் உள்ளே நுழையாதபடி அடைத்துவிட்டான். அது அண்ணி சோதிக்கிற கணினி என்று தெரியும். சொன்னால் ஒரு வாரம் பாட்டு கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை மதியம் எல்லாம் விழுந்தபோது மூலை மட்டும் நின்றதைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தத் தாயைக் காப்பாற்றிய கணினி அதுதான். அறுபத்திரண்டையும் கவிழ்த்ததும் அதுதான்.

"ரெண்டு நாளா சொல்லணும்னு பார்த்தேன். நேத்து மாடிப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன், அண்ணி."

அவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மூலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிரிண்டர் இருந்ததை அவளே பார்த்திருந்தாள். கிடங்கு என்றால் பழைய சாமான் இருக்கும்தானே என்று விட்டுவிட்டாள். அவளுடைய பட்டியலில் மூலைக்கு நேரே அனுப்பப்பட்டது என்றுதான் இருக்கும். ஏற்றப்பட்டது என்று இருந்ததா என்று அவள் பார்த்ததே இல்லை. திரையின் கீழ்க்கோடியில் பதிப்பு எண் இருக்கும். ஒருநாள் குனிந்து அதைப் படித்திருந்தால் போதும். அடுத்தவன் குற்றத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அவளும் எழுந்து நின்று அதைச் சொன்னாள். சோதித்தேன் என்று நான் எழுதியது பொய் இல்லை, ஆனால் நாலு மாசமாக எதையும் சோதிக்கவில்லை என்பதும் உண்மை என்றாள்.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ விசாரணை நடத்தியிருக்கிறேன், குற்றத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டு இன்றுதான் பார்க்கிறேன் என்றார். இரண்டு பேருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. லேப்புக்கு ஒழுங்கான பிரிண்டர். சோதனைக் கணினியில் இனி சோதனை தவிர ஒன்றும் கூடாது, நோட்டில் இருவர் கையெழுத்தும் வேண்டும். அப்புறம் பிரதிநிதியைப் பார்த்து, உங்கள் கடிதத்தில் சேர்க்க உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பாவம், கடிதம் எழுதியவர் அவர் இல்லை.

அன்று மதியச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் தன் சட்டத்தைத் தளர்த்தினார். அவள் அவனுக்கு இரண்டாம் தடவை சோறு போட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை அவன் அவளுடைய அறைக்கு வந்தான். பச்சை நோட்டைக் கேட்டான். உட்கார்ந்து, நாலு மாசத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினான். அங்கிருந்து எண்ணினால் பதினேழு டிக். முதல் டிக்கின் பக்கத்தில், அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அடுத்த டிக்குக்கும் அப்படியே எழுதினான்.

யாரும் கேட்கவில்லையே தம்பி என்றாள். நோட்டு நிற்கும், நாம் நிற்க மாட்டோம், நாளைக்கு இதைப் படிக்கிறவன் அந்த டிக்கை நம்பிவிடக் கூடாது என்றான். அவள் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் எழுதி முடித்த ஒவ்வொரு வரிக்குக் கீழும், பதிப்பு எண்ணைப் பார்க்காதது நான் என்று எழுதினாள். கம்பெனிக் கடிதத்தின் பதினான்கு பக்கத்தையும் அவள் இரண்டு தடவை படித்திருந்தாள். நான் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

"சனிக்கிழமை நீங்க எந்திரிக்காம இருந்திருந்தா, பொய்க்காரியாவே வீட்டுக்குப் போயிருப்பேன் தம்பி. உங்க அண்ணன்கூட என்னை நம்பியிருப்பாரான்னு தெரியலை. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவன் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. பதினான்காவது டிக்கில் அவன் பேனா பாதி எழுத்தில் நின்றுபோயிற்று. உதறிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான்.

"மை தீர்ந்துபோச்சு அண்ணி."

அவள் தன் பேனாவை அவனிடம் நீட்டினாள். பதினேழாவது டிக் வரைக்கும் அந்த ஒரே பேனா இரண்டு கைக்கும் மாறி மாறிப் போய் வந்தது.