வாங்காத தபால்

சிவனணைந்தபெருமாள் தோசைக்கரண்டியை வைத்து வாசல் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் முப்பிடாதியம்மாளுக்குப் பகீரென்றது. சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிற மனுஷன், காலை ஏழு மணிக்கு ஒரு செம்புத் தண்ணீரோடு கதவிடம் மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கிட்டே போய்ப் பார்த்தாள். பாதி கிழிந்த காகிதத்தில் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் பெயரும், மேலகரத்துத் தெருவும், கதவு எண்ணும் அச்சாகியிருந்தன. வீட்டுக்கடன் கொடுத்த கம்பெனி ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ். தேதியிலிருந்து அறுபது நாளைக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொண்டு ஏலம் விடுவார்களாம்.

அவர் சூப்பர்வைசராக இருந்த நூல் மில்லை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. தவணை நின்றுபோனது அவளுக்குத் தெரியும். தெரியாதது வேறு ஒன்று. இதற்கு முன்னால் மூன்று பதிவுத் தபால் வந்திருக்கிறது. மூன்றையும் இந்த மனுஷன் தெருமுனையிலேயே தபால்காரரை மறித்து, வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் நோட்டீஸ் செல்லும், வாங்காவிட்டால் ஒரு பயலும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தாராம். யார் சொன்னது என்று கேட்டாள். அண்ணன் சொன்னார் என்றார்.

அண்ணன் சுந்தரபாண்டி ரிட்டயர்டு ஏட்டு, இலஞ்சியில் வீடு. அந்தக் குடும்பத்தில் அவர் வாயைத் திறந்தால் அது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி, யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. முப்பிடாதியம்மாளுக்கு வந்த கோபத்துக்குத் தோசைக்கரண்டியைப் பிடுங்கி அதாலேயே இரண்டு வைத்திருப்பாள். ஆனால் அவர் கண் கலங்கி நின்றார். தெருவில் யாரும் படித்துவிடக்கூடாதே என்கிற ஒரே பயம் அந்த முகத்தில் இருந்தது. கரண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, கீழே கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்துத் தேதியைப் பார்த்தாள். மீதி பத்தொன்பது நாள் இருந்தது.

மறுநாள் தென்காசி கோர்ட்டில் இலவச சட்ட உதவி கொடுக்கிற இடத்துக்கு அவரை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த வக்கீல் சண்முகப்பிரியா பூசி மெழுகாமல் பேசினாள். தபாலை வாங்க மறுத்தாலும் வாங்கிய கணக்குத்தான். ஆனால் குடி முழுகிப் போய்விடவில்லை. அறுபது நாள் முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுத்தால், கம்பெனி பதினைந்து நாளில் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். வேலை போன ஆதாரத்தைக் காட்டித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். அதுவும் நடக்காவிட்டால் ஏலத்துக்கு முன்னால் கம்பெனி சம்மதத்தோடு நல்ல விலைக்கு நாமே விற்றுக் கடனை அடைக்கலாம், மிச்சம் நம்முடையது. வீட்டில் கைவைத்துவிட்டால் முறையிட மதுரையில் கடன் தீர்ப்பாயம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் கூடாது என்றாள்.

அன்று சாயங்காலமே சுந்தரபாண்டி வந்தார். விஷயம் காதுக்கு வந்தது, மனசு கேட்கவில்லை என்றார். கடனைத் தானே அடைத்துவிடுவதாகவும், வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்றும், வெளியாள் கைக்குப் போவதற்கு இது எவ்வளவோ மேல் என்றும் சொன்னார். கடனோ வீட்டு விலையில் பாதிகூட இல்லை. சிவனணைந்தபெருமாள் சரி என்று தலையாட்டப் போனார். முப்பிடாதியம்மாள் காப்பி டம்ளரை ஏட்டு முன்னால் நங்கென்று வைத்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். முப்பது வருசம் ஸ்டேஷன்ல இருந்திய. சம்மன வாங்க மாட்டேன்னு ஒருத்தன் கதவச் சாத்திக்கிட்டா, அது செல்லாதுன்னு நீங்க திரும்பி வந்திருக்கியளா?"

சுந்தரபாண்டி தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். பொம்பளை இருக்கிற வீட்டில் பேச முடியாது என்று ஏட்டு எழுந்தார். "பேசாண்டாம். போய்ட்டு வாங்க" என்றாள். அந்த வீட்டு மருமகளாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவரிடம் அவள் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். மனசு நிறைந்துதான் இருந்தது.

பதிலை எழுதிக்கொண்டு கம்பெனி கிளைக்கு அவர்களே போனார்கள். மேனேஜர் பென்னி நல்ல பையன்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் தலைமை ஆபீஸைக் காட்டினான். முப்பிடாதியம்மாள் அவனுக்குக் கணக்கே போட்டுக் காட்டினாள். சாரல் ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்துக்கு ரூம் கிடைக்காது, மேலகரம் வரைக்கும் வீடு தேடி அலைவார்கள். வீட்டைச் சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம், அது நேராகக் கடனுக்குப் போகட்டும், ஒரு வருஷம் தவணையைக் குறையுங்கள், விடுவதற்குச் சம்மதத்தை எழுத்தில் கொடுங்கள். அப்படியானால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று அவன் கேட்டான். பின்னால் தகர ஷெட் இருக்கிறது என்றாள். சிவனணைந்தபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார்.

பதினான்காம் நாள் கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்கு வட்டி மட்டும், வீட்டை வாடகைக்கு விடச் சம்மதம், இரண்டு மாதம் தவறினால் மறுபடி நோட்டீஸ். அதைக் கண்டு அவள் ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. ஒரு வருஷம் மூச்சு விடலாம், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்காரி ஷெட்டுக்குப் போய்விட்டாள் என்று வாயில் போட்டு மென்றார்கள். மெல்லட்டும், பல்லாவது உறுதியாகும் என்று அவள் அண்டாவைத் தூக்கி ஷெட்டில் வைத்தாள். அவர்தான் பகலில் வெளியே தலைகாட்டாமல் உள்ளேயே கிடந்தார்.

ஜூன் கடைசியில் மதுரையிலிருந்து முதல் கார் வந்தது. சாவி முப்பிடாதியம்மாள் கையில் இருந்தது. காரிலிருந்து இறங்கியவர், வேட்டியை மடித்துக் கட்டி நின்ற சிவனணைந்தபெருமாளைப் பார்த்து, வாட்ச்மேனா, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். எதிர்வீட்டில் சுந்தரபாண்டியின் சம்பந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தார். இந்த மனுஷன் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ, இல்லை ஷெட்டுக்குள் ஓடிவிடுவாரோ என்று முப்பிடாதியம்மாள் பயந்தாள்.

அவர் குனிந்து கனமான பையைத் தோளில் ஏற்றினார். எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நான்தான் வீட்டுக்காரன். பின்னால ஷெட்டுல இருக்கோம். என்ன வேணும்னாலும் கூப்பிடுங்க."