பனிக்குள் வரைந்த சரிவு

சாய்கதிர் தன் கடைசிப் பொன்னொளியை மலைமுகட்டில் வாரி இறைத்துவிட்டு, அடிவாரத்து ஊரை நீலநிழலிடம் கையளித்துச் சென்ற மாலைப்பொழுதில், நில அளவை மனையின் மேல்மாடத்தில், மலையை நோக்கிய நெடிய சாளரத்துக்கு முதுகு காட்டி ஒருவன் அமர்ந்திருந்தான். மலைகளின் உயரத்தையும் வளைவையும் ஆய்ந்து படமாக்குவதே தொழிலாகக் கொண்ட அவன், பதினோராண்டாக அச்சாளரத்தின் பக்கமே திரும்பியதில்லை என்றால், கற்றறிந்தோரே, நீங்கள் வியக்கக்கூடும்.

பதினோராண்டுக்கு முன் அவன் கீழைச் சரிவை அளக்கச் சென்றபோது, ஒன்பது நாளாகியும் பனிமூட்டம் விலகவில்லை. பொறுமையிழந்தவன், ஏறிப் பாராத இடத்தை மனக்கணக்கால் இட்டு நிரப்பி, ஒத்த உயரங்களை இணைக்கும் கோடுகளை அகல அகலமாய் வரைந்து மீண்டான். அக்கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. அவ்வாண்டே, அப்படத்தை நம்பி அவ்வழி இறங்கிய அவன் தங்கையின் கணவன், படத்தில் இல்லாத பாறை விளிம்பிலிருந்து வீழ்ந்து மாண்டான். உடலை ஓடை இழுத்து வந்து ஊரருகே ஒதுக்கியது. அத்தனை மெல்லிய சரிவில் விழுந்தவன் குடித்துத்தான் இருப்பான் என்று ஊரார் வாய்க்கு வந்தபடி பேசினர். பின்னொரு நாள் தனியே ஏறிச்சென்று அவ்விளிம்பைக் கண்ணாரக் கண்டும், அண்ணன் வாய் திறக்கவில்லை.

அன்றுதொட்டு மலை அவனை விடவில்லை. தனித்திருந்தால் எங்கோ கல் உருளும் ஓசை கேட்டது. கண்ணயர்ந்தால் காலடியில் தரை நழுவியது. அந்தத் தங்கையோ அதே அறையில், அவனுக்கு எதிரே, படங்களுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்து வந்தாள். மறுபதிப்புக்கு வந்த கீழைச் சரிவின் படத்தில் மென்சரிவுக்குரிய பச்சை பூசிக்கொண்டிருந்தவள், தூரிகையை நிறுத்தினாள்.

"அண்ணா, இந்த இடத்துல குழந்தைகூட ஓடி விளையாடலாம் போல இருக்கே. குடியை விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சுச் சொன்னாரு, நானும் நம்பினேன். பொய் சொன்ன மனுஷனுக்கு எதுக்கு அழணும்னு இதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல."

அவன் படத்தைத் தன் பக்கம் இழுத்து, அகன்ற கோடுகளைச் சுரண்டியெடுத்து, அவை அனைத்தையும் ஒன்றையொன்று ஒட்டும்படி நெருக்கி வரைந்தான்.

"பச்சையை அழிச்சுடும்மா. அங்க சரிவே இல்ல, அதலபாதாளம். நான் மேல போகாமலே வரைஞ்சேன். அவரு குடிக்கல. தப்பு என்னுது."

அவள் ஏசவில்லை. நீர்க்கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, நெருங்கிய அக்கோடுகளின்மேல் முகம் கவிழ்த்து, கணவன் இறந்த அன்று அழுதிருக்க வேண்டிய அழுகையை அப்போது அழத் தொடங்கினாள். அண்ணன் சாளரத்தின் பக்கம் திரும்பினான். மலை அங்கேயேதான் நின்றது. பிழையாய் வரைந்த சரிவை ஒரு மாலையில் திருத்திவிட்டான். அவள் அழாமல் கழித்த பதினோராண்டை எந்தக் கோட்டால் திருத்துவான்?