மரம் எண் 212

அப்பாவுக்கு மரம் எண் 212 கொடுக்கப்பட்டது. எண்ணை எழுதியது நான்தான்.

நகரின் நடுவிலுள்ள பூங்காவில் மரக் கணக்கெடுப்பு நடந்தது. தாவரவியல் படித்தவர்களைக் கூப்பிட்டார்கள். 211 ஒரு வாகை. அடுத்து நிற்பது புங்கன். இடையில் அப்பா கண்ணை மூடி மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். என் பின்னால் கண்காணிப்பாளர் கிட்டுசாமி, "ம், அடுத்தது" என்றார்.

எனக்கு மறுத்துப் பேச வராது. அப்பாவின் சட்டை முதுகில் பெயின்டால் எண்ணை எழுதினேன். பட்டியலில் 'வகை' என்ற கட்டத்தில் அவர் பெயரைப் போட்டேன். தெய்வசிகாமணி.

"ஈரமா இருக்குது கண்ணு."

"காஞ்சிரும்ப்பா."

காய்ந்தது. பிறகு அவரால் நகர முடியவில்லை.

பூங்காவின் வரலாறு வாசலருகே கல்லில் இருக்கிறது. முதலில் ஏரி. பிறகு குதிரை லாயம். பிறகு பூங்கா. மறுநாள் அதன் கீழே ஒரு வரி கூடியிருந்தது. 'மரம் 212 திறப்பு விழாவன்று நடப்பட்டது. வயது தொண்ணூற்றாறு.' அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு.

நடக்க வந்தவர்கள் அவர்மேல் துண்டைத் தொங்கவிட்டார்கள்.

நடைபாதையில் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். அலுவலகம் எனக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. முழுச் சுற்று சுற்றிப் போனேன். மூன்று நாள் ஆயிற்று.

"தப்பா எழுதிட்டேன் சார். அவரு மரமில்லைங்க."

கிட்டுசாமி பட்டியலைப் புரட்டினார். "கையெழுத்து உங்களுதுதானுங்களே?"

"ஆமாங்க."

"படிச்சவிங்க நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க அம்மிணி? ஒரு மரம் எடுத்தாப் பத்து வெக்கோணும். அதே வகை. நாலடிக்கு மேல."

வேறு குடும்பத்திலிருந்து வந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். "ஒட்டு ரகம் ஆகுங்களா?"

"ஆகுமுங்க."

அம்மா, தம்பி, பெரியப்பா வீட்டில் மூன்று பேர், அத்தை வீட்டில் நான்கு பேர் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு குழி தயாராக இருந்தது.

"அண்ணனுக்காவ நிக்கறேன். ஆனா சீலையெல்லாம் மண்ணாப் போச்சு," என்றாள் அத்தை.

"ஒம்பதுதான இருக்குது," என்றார் கிட்டுசாமி.

பட்டியலை அவரிடம் கொடுத்துவிட்டுப் பத்தாவது குழியில் இறங்கினேன். முதுகில் பெயின்ட் ஈரமாக இருந்தது.

அப்பாவின் சட்டையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். அவர் காலை உதறினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெரியப்பாவின் தோளில் யாரோ போட்டிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார்.

பத்து மணிக்குக் காவலாளி விசில் ஊதினார். மாலை நான்கு வரை பூங்காவில் ஆட்கள் இருக்கக் கூடாது. அப்பாவை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார்கள்.

அவர் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"கண்ணு, வீட்டுச் சாவி ஆருகிட்ட இருக்குது?"

சாவி என் கையில் இருந்தது. வேலி ஆறடி தூரத்தில் இருந்தது. கையை நீட்டினேன். அது நீளத் தொடங்கியது.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

வாகை வருடத்துக்கு ஒரு மீட்டர் வளரும். எங்கள் வகை எவ்வளவு வளரும் என்று நான் படித்ததில்லை.